மாஸ்டர் சொன்னதும் ரீச்சர் சொன்னதும்

பழைய மாணவர்களே, உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்து ஓட்டக்காரியைப் பற்றிக் கதை வரும்போதெல்லாம், "மாஸ்டரும் ரீச்சரும் சேர்ந்து உருவாக்கின பிள்ளை" என்று நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சேர்ந்தாமே! அந்த இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பிளேன்ரீ குடித்ததை உங்களில் யாராவது கண்டீர்களா? அவர்களுக்கு நடுவில் ஓடியோடித் தேய்ந்தவள் நான். எனக்கும் இப்போது உங்களைப் போலத்தான் படி ஏறினால் முழங்கால் கடகடக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடுகிறேன். ஆனால் அந்தக் காலம் மட்டும் அழியவில்லை. ஆகவே கொஞ்ச நேரம் பொறுமையாக இருந்து கேளுங்கள்.

மாஸ்டர் நெட்டை. காக்கிக் களிசான், கழுத்தில் விசில், காலுக்குக் கீழே எப்போதும் ஒரு பழைய சைக்கிள். நாங்கள் பிறக்கும் முன்பே அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஓடவிட்டுக்கொண்டிருந்தவர். "தூரம் ஓடினால்தான் தூரம் ஓட ஏலும்" என்பது அவருடைய வேதம். விடியற்காலையில் இரணைமடுக் குளக்கட்டில் எங்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பின்னால் சைக்கிளில் வருவார். தை மாதம். குளம் நிரம்பித் தளும்பும். கட்டின் ஒரு பக்கத்தில் அலை கல்லில் மோதுகிற சத்தம், மறுபக்கத்தில் வயல்களின் பச்சை வாசனை, வெறுங்காலுக்குக் கீழே பனியில் நனைந்த கிரவல் சரளை. மீன்பிடிக்காரர் தோணியைக் கரையில் இழுத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, தண்ணீரைத் தவிர. ஓடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது மாஸ்டரின் கட்டளை. "வயித்துக்குள்ளை தண்ணி குலுங்கினால் கால் எழும்பாது." கடல் போல ஒரு குளம் பக்கத்தில் கிடக்க, நாங்கள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட ஓடினோம். இந்த அநியாயத்தை யாரிடம் சொல்வது?

ரீச்சர் கட்டை. சேலையைச் சற்றே தூக்கிச் செருகி, கீழே வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து போட்டிருப்பா. கையில் குடை. கழுத்தில் கறுப்பு நாடாவில் பள்ளிக்கூடத்தின் ஒரேயொரு நிறுத்தற் கடிகாரம். அதை வேறு எவரும் தொட அவா விட்டதில்லை. பள்ளி விட்ட பிறகு மைதானத்தில் குறுந்தூரத்தைத் திரும்பத் திரும்ப ஓடவைப்பது அவாவின் முறை. ஓடு, நட, ஓடு, நட. "வேகம் இல்லாதவள் தூரம் ஓடி என்ன செய்யிறது? சந்தைக்குப் போறதே?" என்பா. மைதானத்துச் செம்புழுதி மூக்குக்குள் போய், இரவில் தும்மினால் தலையணை உறையில் சிவப்பாக விழும். அம்மா அதைக் கண்டுவிட்டு, "கறுத்துப் போனாய், இப்ப மூக்காலை மண்ணும் கொட்டுது. உன்னை ஆர் கட்டுவான்?" என்று தலையில் அடித்துக்கொள்வா.

மாஸ்டரும் ரீச்சரும் கதைப்பதில்லை. எங்கள் காலத்துக்கு முன்பே தொடங்கிய கோபம் அது. ஏதோ ஒரு வருஷம் இல்லங்களுக்கிடையில் நடந்த விளையாட்டுப் போட்டியில் யார் முதலில் நாடாவைத் தொட்டது என்று வந்த தகராறாம். தொட்ட பிள்ளைகளே கல்யாணம் கட்டிப் போய்விட்டார்கள், இவர்களுக்கு மட்டும் தீரவில்லை. ஆசிரியர் அறைக்கு முன்னால் இருந்த விறாந்தையில் இரண்டு பேரின் கதிரைகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆனாலும் தூது போக ஒரு ஆள் வேண்டும். பெண்கள் ஓட்ட அணிக்குத் தலைவி என்று என்னை நியமித்தார்கள். நான் பெருமைப்பட்டேன். அது தலைவி வேலை இல்லை, தந்தி வேலை என்று பிறகுதான் விளங்கியது.

"பிள்ளை, அவாட்டைச் சொல்லு, நாளைக்குக் காலமை எனக்குப் பிள்ளையள் வேணும். பின்னேரம் அடிச்சு முறிச்சு அனுப்ப வேண்டாமாம் எண்டு."

நான் இரண்டடி நகர்ந்து ரீச்சருக்கு முன்னால் நிற்பேன். அவா காதால் கேட்டதை நான் வாயால் திருப்பிச் சொல்லி முடிக்கும்வரை ஒன்றும் தெரியாதவ போல முகத்தை வைத்திருப்பா. பிறகு, "அவரிட்டைச் சொல்லுங்கோ, ஆடு மேய்க்கிற மாதிரிப் பிள்ளையளைக் குளக்கட்டிலை கலைச்சுக்கொண்டு திரியிறது பயிற்சி இல்லையாம் எண்டு."

நான் திரும்ப இரண்டடி. இப்படியே மணி அடிக்கும்வரை.

இதற்கு நடுவில் வந்து மாட்டியவள்தான் என் சிநேகிதி.

வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பாள். மெல்லிய, நெடிய கால்கள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் பெடியள் அவளுடைய பேச்சைப் பழித்துக் காட்டுவார்கள். அவளுடைய பெற்றோர் கல்யாணம் கட்டிய கையோடு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு எங்கள் பக்கம் வந்து, வாய்க்காலுக்கு அப்பால் காடு வெட்டிக் குடியேறியவர்கள். விடியலில் எழுந்து மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் கட்டிவிட்டுத்தான் அவள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுவாள். நேரம் பிந்தினால் படலையைச் சாத்திவிடுவார்கள், வெளியே நிற்பவர்களுக்குப் பிரம்படி. ஆகவே ஒவ்வொரு நாளும் வாய்க்கால் கரையால் புத்தகத்தை நெஞ்சில் அணைத்துக்கொண்டு ஓடிவருவாள். அவள் ஓடப் பழகியது அப்படித்தான். இது எனக்குத் தெரியும், வகுப்புக்குத் தெரியும். பெரியவர்களுக்கு மட்டும் தெரியாது.

அந்த வருஷ மரதன் ஓட்டத்தில் அவள் ஆண்டுப் பரீட்சைக்கு வருகிறவள் போல வெள்ளைச் சீருடையிலேயே வந்து நின்றாள். பாவாடையை முடிந்துகொண்டு ஓடினாள். வழிநெடுக வேலிக்கரையில் நின்ற சனம் வாளியால் தண்ணீர் ஊற்றியது, தேசிக்காய் வெட்டி நீட்டியது. நான் எல்லாவற்றையும் வாங்கிச் சூப்பிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, அவள் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தின் கீழ் தலையை உலர்த்திக்கொண்டிருந்தாள்! மூச்சுக்கூட வாங்கவில்லை.

மாஸ்டர் சைக்கிளைப் போட்டுவிட்டு வந்தார்.

"மலையிலை ஏறி இறங்கின கால் எண்டால் இதுதான். பாத்தியளே? ரத்தத்திலை வந்தது."

"நான் மலையப் பார்த்ததே இல்லைங்க சேர்," என்றாள் அவள். "இங்கதான் பொறந்தேன்."

"அது பரவாயில்லை. ரத்தத்திலை இருக்கும்."

ரீச்சர் குடையை மடக்கிக்கொண்டு மறுபக்கமாக வந்து, அவளுடைய கெண்டைக்காலை அமத்திப் பார்த்தா. "மலைநாட்டுப் பிள்ளைதானே? நெஞ்சு விரிஞ்சிருக்கும். இதுக்கு நீள ஓட்டம் பழக்கத் தேவையில்லை. வேகம் மட்டும் குடுத்தால் காணும்."

"ரீச்சர், நான் மலையே..." என்று அவள் மறுபடி தொடங்கினாள். யாரும் கேட்கவில்லை. வாழ்நாளில் முதன்முறையாக இரண்டு பேரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். அதுவும் பிழை.

அன்றிலிருந்து அவளைப் பங்கு போட்டார்கள். காலையில் மாஸ்டர், மாலையில் ரீச்சர். மாஸ்டர் களிசான் பையிலிருந்து கடதாசியில் சுற்றிய முட்டை ஒன்றை எடுத்து, "ரீச்சருக்குக் காட்டாதை" என்று கொடுப்பார். ரீச்சர் கைப்பையிலிருந்து அவித்த கடலையை எடுத்து, "மாஸ்டருக்குச் சொல்லாதையுங்கோ" என்று கொடுப்பா. அவள் இரண்டையும் வாங்கிக்கொண்டுபோய் வீட்டில் தங்கச்சிக்கும் தம்பிக்கும் பிரித்துக் கொடுத்தாள். இருவருக்கும் மனம் இல்லாமல் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். மழை பெய்தால் பிள்ளைகள் ஒருவரும் வராத குளக்கட்டில் மாஸ்டர் தனியாகச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றதை நான் கண்டிருக்கிறேன். மனம் இருந்து என்ன செய்ய? மூளையும் காதும் இருந்திருக்கலாமே.

மாசி மாதம் அவள் ஒரு காலைச் சற்றே தூக்கி வைக்கத் தொடங்கினாள். முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பில் நோ. இரவில் தன் அம்மா தவிட்டு ஒத்தடம் கொடுக்கிறா என்று என்னிடம் சொன்னாள். நான், "நீயே போய்ச் சொல்லு" என்று அவளை மாஸ்டரிடம் அனுப்பினேன்.

"சேர், காலு வலிக்குதுங்க. எலும்புக்குள்ள வலிக்குது."

"அது பின்னேரம் அவா போட்டு உதைக்கிறதாலை. அதை நிப்பாட்டினால் சரியாகும். காலமை ஓட்டத்தை விடாதை."

ரீச்சரிடம் போனாள். "அது காலமை கிரவலிலை ஓடுறதாலை. அதுக்குப் போகாதையுங்கோ. பின்னேரம் வாங்கோ."

இரண்டு பேரும் ஓடாதே என்று சொன்னார்கள், இரண்டு பேரும் ஓடு என்றும் சொன்னார்கள். எதற்குப் போகாமல் விட்டாலும் ஒருவருக்குக் கோபம். அவள் இரண்டுக்கும் போனாள். எனக்கு அவள்மேலும் எரிச்சல் வந்தது. "ஏனடி இப்பிடி மாடு மாதிரிக் கிடக்கிறாய்? ஏலாது எண்டு சொல்லன்," என்றேன். அவள் சிரித்தாள். "ஒங்க அப்பா இந்த ஊருக்காரரு. நீ சொல்லலாம்," என்றாள். அந்தப் பதிலை அப்போது நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

ஒருநாள் அவளுடைய அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மிளகாய்த் தோட்ட வேலையை இடையில் விட்டுவிட்டு, கையைக் காலைக் கழுவி, தோளில் துவாய் போட்டுக்கொண்டு வந்திருந்தார். விறாந்தையில் கதிரைகளுக்கு முன்னால் நின்று, துவாயை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"புள்ள நல்லா ஓடுதுன்னு சொல்றாங்க, சந்தோசம்ங்க. ஆனா இவரு சொல்றத கேட்டா அவங்க ஏசுறாங்க, அவங்க சொல்றத கேட்டா இவரு ஏசுறாராம். நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்க. யாரு சொல்றத கேக்கணும்னு ஒரு வார்த்தை சொன்னா, அப்படியே செய்யச் சொல்லிடுவேன்."

"நான் சொல்லுறதை," என்றார் மாஸ்டர்.

"நான் சொல்லுறதை," என்றா ரீச்சர்.

அதிபர் அறைக்குள் இருந்து எட்டிப் பார்த்தார். சிரித்தார். உள்ளே போய்விட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. அவளுடைய அப்பா துவாயைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு, "சரிங்க" என்று சொல்லிப் போனார்.

பிறகு வட்டாரப் போட்டி வந்தது. பல பள்ளிக்கூடங்கள். பந்தல், ஒலிபெருக்கி, சீனி போட்ட தோடம்பழச் சுளை, புதிதாய் இட்ட சுண்ணாம்புக் கோட்டின் மணம். ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் ஓட்டத்துக்கு அவளும் நானும் நின்றோம். இதில் வென்றால்தான் அடுத்த கட்டம், யாழ்ப்பாணம். அவள் யாழ்ப்பாணம் பார்த்ததில்லை. எனக்கு முன்னால் குனிந்து முன் எலும்பை ஒருமுறை தடவிக்கொண்டாள். வெடி கேட்டது.

முதல் சுற்றிலேயே அவள் தனியாகப் போய்விட்டாள். காலைத் தூக்கி வைத்தே போனாள். மைதானத்தின் ஒரு மூலையில் மாஸ்டர் சைக்கிளோடு நின்றார். எதிர் மூலையில் ரீச்சர் குடையோடு நின்றா.

"விடு, விடு! மெல்லப் போ! கடைசிக்கு வை!" என்று மாஸ்டர் கத்தினார். அவள் வேகத்தைக் குறைத்தாள்.

எதிர் மூலைக்கு வந்ததும் ரீச்சர் குடையால் நிலத்தைக் குத்தினா. "என்ன நித்திரையே? இழுத்து ஓடுங்கோ! இப்ப, இப்ப!" அவள் வேகத்தைக் கூட்டினாள்.

மறுபடி மாஸ்டர் மூலை. "ஆர் உன்னை ஓடச் சொன்னது? விடு எண்டெல்லோ சொன்னனான்!"

மறுபடி ரீச்சர் மூலை. பின்னால் வந்த எனக்கே தலை சுற்றியது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தார்கள். அவள் நின்றுவிட்டாள்.

விழவில்லை, தடக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தவள் நடந்தாள், பிறகு நின்றாள். கோட்டைத் தாண்டிப் புல்லுக்குள் இறங்கி, மைதானத்தின் நடுவுக்குப் போனாள். இரண்டு மூலைகளையும் மாறிமாறிப் பார்த்தாள். அவள் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"நீங்க ரெண்டு பேரும் மொதல்ல பேசி முடிங்க! முடிச்சிட்டு எனக்குச் சொல்லுங்க! நான் இங்கதான் நிக்கிறேன்!"

சனம் ஓவென்று கத்தியது. "ஓடடி!" என்று நான் கடக்கும்போது கெஞ்சினேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் இல்லை, நெற்றியில் வேர்வை மட்டும்தான். வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் அவளைத் தாண்டிப் போனார்கள். நான் இரண்டாவதாக வந்தேன். நெஞ்சில் பட்டியைக் குத்தினார்கள். அதைப் பார்க்கக்கூட எனக்கு மனம் வரவில்லை.

மாஸ்டரும் ரீச்சரும் மைதானத்துக்குள் இறங்கி வந்தார்கள். அவளிடம்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். இல்லை. அவளைத் தாண்டிப் போய் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, தூது இல்லாமல், முகத்துக்கு முகம்.

"உங்களாலைதான் இது!"

"என்னாலையோ? நீங்கள் பழுதாக்கின பிள்ளை இது!"

பந்தலில் இருந்தவர்கள் எழுந்து வந்து விலக்கினார்கள். திரும்பிப் போய்ப் பள்ளிக்கூடத்து வாசலில் வாகனத்தை விட்டு இறங்கும்போது மாஸ்டர் யாரையும் பார்க்காமல், "அவளுக்குத் தலைக்கனம்" என்றார். ரீச்சர் யாரையும் பார்க்காமல், "ஓம், அடக்கம் இல்லை" என்றா. அவ்வளவுதான், சமாதானம் பிறந்துவிட்டது. அடுத்த நாள் அதிபர் அவளை அணியிலிருந்து நீக்கினார்.

அவளுடைய அப்பா அவளைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பில் வெடிப்பு என்றாராம். இந்தக் காலோடு ஓடவிட்டது யார், இன்னும் ஒரு சுற்று ஓடியிருந்தால் முறிந்தே போயிருக்கும் என்று அப்பாவை ஏசினாராம். ஏச்சு வாங்க வேண்டியவர்கள் விறாந்தையில் இருந்தார்கள். நான் போய் இருவருக்கும் முன்னால் ஒன்றாக நின்று விஷயத்தைச் சொன்னேன். தூது இல்லை, எனது சொந்தப் பேச்சு.

மாஸ்டரின் முகம் விழுந்துவிட்டது. "அதை அவள் என்னட்டைச் சொல்லியிருக்கலாமே?"

"எனக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை," என்றா ரீச்சர்.

"சொன்னவள், சேர். ரெண்டு பேருக்கும் சொன்னவள், ரீச்சர்," என்றேன். இரண்டு பேரும் தங்கள் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடிக்கவில்லை, உண்மையிலேயே கேட்டிருக்கவில்லை. அவள் சொன்னது அவர்களுக்கு மற்றவர்மேல் குற்றமாக மட்டும்தான் கேட்டிருக்கிறது. இது இந்த வயதில் எனக்கு விளங்குகிறது. விளங்கியும் எரிச்சல் குறையவில்லை.

கால் ஆறப் பல மாதம் எடுத்தது. பிறகு அவளும் நானும் வாய்க்கால் கரையில் எங்கள் பாட்டில் ஓடினோம். தாகம் எடுத்தால் குனிந்து அள்ளிக் குடித்தோம். நோ எடுத்தால் நின்றோம். மருதமரத்துக்குக் கீழே இருந்து பெடியளைப் பற்றிக் கதைத்தோம். அதுதான் முழுப் பயிற்சியும். எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷம் மாஸ்டரே அவளுடைய வீட்டுக்குச் சைக்கிளில் போய், ஓட விடச் சொல்லிக் கேட்டார். அவருக்குப் பின்னால் கொஞ்ச நேரத்தில் ரீச்சரும் குடையோடு போனா. அவளுடைய அப்பா இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொடுத்து இருக்கவைத்துவிட்டுச் சொன்னாராம்:

"புள்ளைக்கு ஆசையா இருக்கு, ஓடட்டும். ஒரே ஒரு வேண்டுகோள்ங்க. அது ஓடி முடியிற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது."

ஒப்புக்கொண்டார்கள். அந்த வருஷ வட்டாரப் போட்டியில் ஒரு மூலையில் மாஸ்டர் விசிலைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு நின்றார். மற்ற மூலையில் ரீச்சர் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு நின்றா. அவள் எப்போது மெல்லப் போக நினைத்தாளோ அப்போது மெல்லப் போனாள், எப்போது பாய நினைத்தாளோ அப்போது பாய்ந்தாள். நான் அரை மைதானம் பின்னால் வரும்போதே நாடா அறுந்துவிட்டது. அந்த மைதானத்தில் அப்படி ஒரு சத்தத்தை நான் பிறகு கேட்கவில்லை.

கோப்பையைக் கொடுத்ததும் படம் எடுக்க ஸ்டூடியோக்காரர் வந்தார். மாஸ்டர் ஓடிவந்து ஒரு பக்கம் நின்றார். ரீச்சர் வந்து மற்றப் பக்கம் நின்றா. வாய் திறக்க அனுமதி கிடைத்துவிட்டதே!

"குளக்கட்டிலை போட்ட அத்திவாரம்," என்றார் மாஸ்டர், ஸ்டூடியோக்காரரிடம்.

"வேகம் மைதானத்திலை வந்தது," என்றா ரீச்சர், அதே ஸ்டூடியோக்காரரிடம்.

அவர்கள் அதைத் தீர்த்துக்கொள்ளுமுன் அவள் போய்விட்டாள். அன்றைக்கு அவர்களுடைய தோட்டத்துக்கு வாய்க்கால் தண்ணீர் முறை. அப்பா சைக்கிளோடு வாசலில் காத்து நின்றார். அவள் கோப்பையை மடியில் வைத்துக் கரியரில் ஏறிக்கொண்டதை நான் கண்டேன். ரோட்டு ஏற்றத்தில் சைக்கிள் திணறியது. அவள் குதித்து இறங்கி, கோப்பையை முன் கூடைக்குள் போட்டுவிட்டு, அப்பாவுக்குப் பக்கத்தில் ஓடத் தொடங்கினாள்.

இங்கே ஸ்டூடியோக்காரர் கமராவுக்குப் பின்னால் இருந்து தலையை வெளியே எடுத்தார். "சேர், ரீச்சர், கொஞ்சம் கிட்ட வாங்கோவன். நடுவிலை வெறுமையாக் கிடக்கு."

இரண்டு பேரும் அசையவில்லை.

அவர் சுற்றிப் பார்த்தார். நெஞ்சில் இரண்டாம் இடப் பட்டியோடு நான்தான் நின்றேன். "தங்கச்சி, நீயாவது வந்து இவை ரெண்டு பேருக்கும் நடுவிலை நில்லன்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். ரீச்சரும் என்னைப் பார்த்தா.

"எனக்கு ஏலாது," என்று சொல்லிவிட்டு, நான் சைக்கிளுக்குப் பின்னால் ஓடினேன்.